600 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்துப் பறவைப் படம் எடுப்பது எப்படி?

தவிட்டுக்குருவி:
கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் போட்டிருக்கிறேன். டிரைபாட் இல்லாமல் கையில் பிடித்தே எடுத்துப் பழக ஆசை. ஆனால் 600-க்குப் போனாலே வியூஃபைண்டருக்குள் எல்லாம் ஆடுகிறது. மீன்கொத்தி ஒன்று கிளையில் சும்மா உட்கார்ந்திருந்தது, ஷட்டர் 1/500 நொடி, கை ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷனும் போட்டுத்தான் இருந்தேன், அப்படியும் படம் மங்கல். பறக்கிற பறவை என்றால் லென்ஸுக்குள் தேடிப் பிடிப்பதற்குள் போயே விடுகிறது. கையில் பலம் போதவில்லையா, பிடிக்கிற முறை சரியில்லையா?

செம்போத்து:
பலத்தைவிட முறைதான் முக்கியம். உங்கள் இடது கை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கேமராவை ஒட்டிப் பிடித்தால் முன்பக்க எடை முழுக்கக் கீழே இழுக்கும். உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்து, மொத்த எடையும் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கிற இடத்தைத் தேடிப் பிடியுங்கள். ஜூம் செய்யும்போது முன்குழல் வெளியே நீளுகிற லென்ஸ் என்றால் 600-இல் அந்த இடமும் கொஞ்சம் முன்னால் போகும். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் (காலர்) டிரைபாட் மாட்டுகிற பிடி இடைஞ்சலாக இருந்தால் மேல்பக்கம் திருப்பி விடுங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும், இடது கால் ஓர் எட்டு முன்னால், வியூஃபைண்டரைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு (ஐகப்) புருவத்தில் நன்றாகப் பதியட்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, நாலைந்து படமாகத் தொடர்ந்து எடுங்கள். முதல் படத்தில் விரல் அழுத்திய அதிர்வு இருக்கும், பெரும்பாலும் நடுவில் வருவதுதான் தெளிவாக இருக்கும்.

கரிச்சான்:
பிடி சரி, ஆனால் 1/500 போதாது. கிராப் சென்சாரில் 600 என்பது ஃபுல் ஃப்ரேமில் சுமார் 900 மி.மீ. லென்ஸின் பார்வைக்கோணம், கை ஆட்டமும் அந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியும், அதனால் பழகும்வரை 1/1000-க்குக் கீழே இறங்காதீர்கள். அந்த மீன்கொத்திப் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, அது உட்கார்ந்திருந்த கிளையைப் பாருங்கள். கிளையும் பறவையும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை ஆட்டம். கிளை தெளிவாக இருந்து தலை மட்டும் கலங்கியிருந்தால் பறவை அசைந்திருக்கிறது, அதற்கு ஸ்டெபிலைசேஷன் உதவவே உதவாது. பறவை மங்கி, பின்னால் இருக்கிற இலை பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

தவிட்டுக்குருவி:
பார்த்தேன், கிளையும் இழுபட்டிருக்கிறது. 1/1000 வைத்தால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 3200 வரை ஏறுகிறதே, பரவாயில்லையா?

கரிச்சான்:
தாராளமாக ஏறட்டும். புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், ஆடிப்போன படத்தைச் சரிசெய்வது கஷ்டம். மேனுவலில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் (லென்ஸ் திறப்பு) நீங்கள் வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள்.

நாகணவாய்:
பறக்கிற பறவைக்கு நான் சொல்கிறேன். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும், லென்ஸைத் தூக்கிவிட்டு அப்புறம் பறவையைத் தேடக் கூடாது. 300 வாக்கில் வைத்துப் பிடித்து, உள்ளே வந்ததும் நீட்டிக்கொள்ளுங்கள். அது பறக்கப்போகிற தூரத்தில் இருக்கிற ஏதாவது மரத்தில் முன்னமே ஃபோகஸ் செய்து வைத்தால் லென்ஸ் அலையாது. ஷட்டர் 1/2000-க்கு மேல். கையை மட்டும் திருப்பாமல் இடுப்போடு திரும்புங்கள், படம் எடுத்த பிறகும் ஒரு நொடி பின்தொடருங்கள். காகமும் புறாவும் பழக நல்லவை, திரும்பத் திரும்ப வரும். அப்புறம், பறவை வரும்வரை லென்ஸைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்காதீர்கள், இறக்கி வைத்துவிடுங்கள், வரும்போது கை சோர்ந்திருக்கக் கூடாது. ஒரே இடத்தில் நெடுநேரம் காத்திருப்பது என்றால் மட்டும் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) எடுத்துப் போங்கள்.