நான்கு பெரியவர்களும் ஒரு கைக்குழந்தையும்: ஐந்து இருக்கை வண்டி போதுமா, ஏழு இருக்கை வேண்டுமா?

கோவைவாசி எழுதியது:

வணக்கம். வீட்டில் நானும் கணவரும், மாமனார், மாமியார், ஏழு மாதப் பெண் குழந்தை என ஐந்து பேர் இருக்கிறோம். எங்களிடம் உள்ளது பழைய ஹேட்ச்பேக் வண்டி. குழந்தை பிறக்கும்வரை அதில் குறையேதும் தெரிந்ததில்லை. இப்போது சைல்டு சீட்டைப் பின்னால் மாட்டிய பிறகு, மீதி இடத்தில் மாமியாரும் நானும் ஒருக்களித்துத்தான் உட்கார முடிகிறது. முன்னால் மாமனாரின் முழங்கால் டேஷ்போர்டில் முட்டுகிறது. மடக்குத் தொட்டிலின் இரும்புக் குழாய்களை டிக்கியில் வைத்துவிட்டால் துணிப் பெட்டிக்கு இடமில்லை.

பெரும்பாலும் நகருக்குள்தான் ஓட்டம். ஆனால் மாதம் ஒருமுறையாவது தாராபுரம், திண்டுக்கல் வழியாகக் காரைக்குடியிலுள்ள என் தாய்வீட்டுக்குப் போய்வருவோம். அப்போது ஐவரும் வண்டியில் இருப்போம். வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலை 12 லட்சத்தைத் தாண்டக் கூடாது. கணவர் ஐந்து இருக்கை டிசையரே போதும் என்கிறார்: ஓட்டுவதற்கு எளிது, மைலேஜ் உண்டு, டிக்கியும் பெரியது என்பது அவர் வாதம். எனக்கோ எர்டிகா, டிரைபர் போன்ற ஏழு இருக்கை வண்டிதான் சரி என்று படுகிறது. மாமியாருக்கு மூட்டுவலி இருப்பதால் அவரைக் கடைசி வரிசையில் ஏறச் சொல்ல முடியாது. மாமனார் இன்றும் தென்னைக்கு ஏணி வைத்து ஏறுபவர், அவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. எடுக்கும் வண்டியை ஏழெட்டு ஆண்டுகளாவது வைத்திருப்போம். கைக்குழந்தையோடு இத்தகைய வண்டிகளைப் பயன்படுத்துவோர் இடவசதியை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

பின்சீட்டுக்காரன் எழுதியது:

சகோதரி, நீங்கள் கேட்டிருப்பது இடத்தைப் பற்றி. ஆனால் வண்டியில் இடம் என்பது மூன்று தனித்தனி அளவுகள். அகலம், முன்பின் நீளம், டிக்கி ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், ஏழு இருக்கை என்றாலே தாராளம் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள்.

முதலில் அகலத்தைப் பாருங்கள். டிசையரின் வெளி அகலம் 1735 மி.மீ. எர்டிகாவின் அகலமும் அதே 1735 மி.மீ.தான், டிரைபர் 1739 மி.மீ. கதவுகளின் தடிமன் போக, இந்த அளவு வண்டிகளில் பின்னால் தோள் மட்டத்தில் ஏறக்குறைய 130 செ.மீ. கிடைக்கும். சைல்டு சீட் சுமார் 44 செ.மீ. எடுத்துக்கொள்ளும். மீதியில் இரண்டு பெரியவர்கள் உட்கார வேண்டும். அதிலும் நடுவில் உட்காருபவருடைய பெல்ட் பக்கிள் சைல்டு சீட்டின் அடியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். ஆக, ஒரே வரிசையில் மாமியார், நீங்கள், குழந்தை என்று மூவரும் இருப்பதாயின், டிசையரை விட்டு எர்டிகாவுக்குப் போவதால் இடுப்புக்கும் தோளுக்கும் கூடுதலாக எதுவும் கிடைத்துவிடாது. கியா கேரன்ஸ் 1800 மி.மீ. அகலம் என்பதால் அந்த வேறுபாட்டை உணர முடியும். ஆனால் அது உங்கள் பட்ஜெட்டில் நெருக்கடியாகிவிடும்.

அடுத்தது முன்பின் நீளம். ஏழு மாதக் குழந்தை பின்னோக்கிப் பார்த்தபடியே பயணம் செய்ய வேண்டும். கைக்குழந்தைக்கு உடலை ஒப்பிடத் தலை பெரிது, கழுத்தோ இன்னும் வலுப்பெறாதது. பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் திடீர் நிறுத்தத்தின் விசை கழுத்தில் இறங்காமல் முதுகு முழுவதும் பரவிவிடும். ஐரோப்பாவின் ஆர்129 விதி 15 மாதம் நிறையும்வரை இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்குப் பிறகும் இயன்றவரை தொடர்வது நல்லது. பின்னோக்கிய இருக்கை சாய்ந்தே நிற்கும் என்பதால் அதன் ஓடு முன்சீட்டின் முதுகை நெருங்கிவிடும். உங்கள் மாமனாரின் முழங்கால் டேஷ்போர்டில் முட்டுவதற்குக் காரணம் இதுதான். அப்படி நெருங்கி உட்காருவது அசௌகரியம் மட்டுமல்ல. முன்னால் ஏர்பேக் விரியும்போது அவருக்கும் டேஷ்போர்டுக்கும் போதிய இடைவெளி இருந்தாக வேண்டும். எர்டிகாவிலும் டிரைபரிலும் நடு வரிசையையே முன்னும் பின்னும் நகர்த்த முடியும். டிசையரில் அது முடியாது. ஏழு இருக்கை வண்டியின் உண்மையான அனுகூலமாக நான் கருதுவது இந்த நகர்வைத்தான்.

ஆகவே, ஷோரூமுக்குப் போகும்போது உங்கள் சைல்டு சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சைல்டு சீட்டை வண்டியோடு பிணைக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளில் மாட்டி, முன்சீட்டைக் கணவர் ஓட்டும் நிலைக்கு நகர்த்தி, பிறகு எல்லோரும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். விற்பனையாளர் பொறுமையிழந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் இருக்கைக்குக் கீழ்நோக்கித் தாங்குகால் இருக்குமானால், அது நிற்கும் இடத்தில் தரை கெட்டியாக இருக்கிறதா, உள்ளே சேமிப்புப் பெட்டி ஏதும் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பழையசோறு எழுதியது:

தவறாக எண்ண வேண்டாம், அம்மா. எங்கள் காலத்தில் அம்பாசடரில் ஏழெட்டுப் பேர் ஏறி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு திருச்செந்தூர்வரை போய்வந்திருக்கிறோம். குழந்தை தாய் மடியில் இருந்தால் அழாது, பாலும் கொடுக்கலாம். அந்த இருக்கைக்காகவே இரண்டு லட்சம் கூடுதலாகச் செலவழித்து நீளமான வண்டி வாங்க வேண்டுமா? இருக்கிற வண்டியிலேயே அதைக் கழற்றிவிட்டால் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடுமே.

பின்சீட்டுக்காரன் எழுதியது:

ஐயா, அந்த அம்பாசடர் அன்றைய சாலையில் அன்றைய வேகத்தில் ஓடியது. இன்று 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதிப் பத்தில் ஒரு விநாடிக்குள் நின்றுவிட்டால், 8 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்துவைக்க ஏறக்குறைய 90 கிலோவைத் தூக்கும் அளவுக்கு விசை தேவைப்படும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. போதாததற்கு, பெல்ட் போடாத தாயின் உடலும் குழந்தையை நசுக்கியபடி முன்னால் போகும். சட்டமும் இதை விட்டுவைக்கவில்லை: 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். பால் கொடுக்க வேண்டுமென்றால் வண்டியை ஓரமாக நிறுத்திக் கொடுக்கலாம். நெடும்பயணத்தில் சைல்டு சீட்டிலேயே குழந்தையைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், எப்படியும் இடையிடையே நிறுத்தத்தான் வேண்டும்.

இருபிள்ளைத்தாய் எழுதியது:

நாங்கள் எர்டிகா வைத்திருக்கிறோம். இரண்டு பிள்ளைகளும் அதில்தான் வளர்கிறார்கள். மேலே சொன்ன அகலக் கணக்கு சரியே. ஆனால் அதைத் தாண்டி ஒரு வழி உண்டு: கடைசி வரிசையை முழுவதுமாகப் பயன்படுத்தாமல் பாதியாகப் பயன்படுத்துவது.

எர்டிகாவில் ஏழு இருக்கைகளும் நிமிர்ந்திருந்தால் டிக்கி 209 லிட்டர்தான். கடைசி வரிசையை மடக்கினால் 550 லிட்டர். அந்த வரிசை இரண்டு சரிபாதிகளாக மடங்கும் என்பதால், ஒரு பாதியில் ஒருவரை உட்காரவைத்து, மறுபாதியை மடக்கி அதன்மீது பெட்டிகளை அடுக்கிவிடுவோம். தொட்டில் குழாய்களை நீளவாக்கில் நடு வரிசையின் முதுகுவரை படுக்கவைக்கலாம். பிரேக் அடிக்கும்போது பாயாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். டிரைபரில் இந்த வசதி இன்னும் ஒருபடி மேல். கடைசி வரிசை இருக்கைகளைத் தனித்தனியாகக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். ஏழு இருக்கையோடு 84 லிட்டர் என்பது கைப்பைகளுக்குக்கூடப் போதாது; ஒன்றைக் கழற்றினால் 320, இரண்டையும் கழற்றினால் 625 லிட்டர். ஆனால் அதன் 1 லிட்டர் என்ஜின் 72 குதிரைத்திறன் மட்டுமே தரும் என்பதால், ஐந்து பேரும் சாமான்களும் ஏசியும் சேர்ந்தால் முந்திச் செல்வதற்கு நிதானம் வேண்டும். எங்கள் ஓட்டத்தில் பாதி மலைச்சாலை என்பதால் நாங்கள் அதை விட்டோம். உங்கள் பாதை பெரும்பாலும் சமதளம்தானே.

ஏசியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கைக்குழந்தைக்கு அது முக்கியம். பின்னோக்கிய சைல்டு சீட்டின் முதுகு, முன்னாலிருந்து வரும் காற்றைச் சுவர் எழுப்பினாற்போல் மறைத்துவிடும். தாராபுரம் பக்கம் சித்திரை வெயிலில் முன்னால் இருப்பவர்கள் குளிரில் போர்த்திக்கொள்ள, குழந்தையின் முதுகு வியர்த்து நனைந்திருக்கும். எங்கள் எர்டிகாவில் நடு வரிசைக்குக் கூரையிலிருந்து காற்று இறங்குவதால் இந்தக் குறை இல்லை; புதிய வண்டியில் துவாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தில் நேராக அடிக்காதபடி துவாரத்தைத் திருப்பிவைத்தால் போதும். சிஎன்ஜி மட்டும் வேண்டாம். உருளை டிக்கியில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் மேலே சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது.

உங்கள் வீட்டு நிலவரத்துக்கு என் யோசனை இது. மாமியார் முன்சீட்டில் உட்காரட்டும். அங்கே ஏறி இறங்குவதுதான் முழங்காலுக்கு எளிது, டிசையரின் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவதைவிட எவ்வளவோ மேல். நீங்களும் குழந்தையும் நடு வரிசை. ஏணி ஏறுகிற மாமனார் பின்னால் பாதி வரிசையில். மருமகளாக இருந்துகொண்டு அவரைக் கடைசி வரிசைக்கு எப்படி அனுப்புவது என்று தயங்கினால், அவரையே ஓட்டச் சொல்லிவிட்டுக் கணவரைப் பின்னால் அனுப்புங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது.

கணக்கப்பிள்ளை எழுதியது:

இடத்தைப் பற்றிப் போதுமான அளவு பேசியாயிற்று. விலையைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் சிறிது சொல்கிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் என்ஜினும் உள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். டிசையரும் டிரைபரும் முதல் வகை. 4 மீட்டரைத் தாண்டிய நீளமும் 1462 சிசி என்ஜினும் உள்ள எர்டிகா இரண்டாம் வகை. தமிழ்நாட்டின் சாலை வரியையும் கவனியுங்கள்: 5 முதல் 10 லட்சம்வரை 13 சதவீதமாக இருக்கும் வரி, 10 லட்சத்தைத் தாண்டியதும் 18 சதவீதமாகிவிடுகிறது. 9.90 லட்சம் விலையுள்ள வண்டிக்கு 1,28,700 ரூபாய், 10.50 லட்சத்துக்கோ 1,89,000 ரூபாய். எர்டிகாவின் நடுத்தர வேரியன்ட் இந்த எல்லையை ஒட்டியே நிற்பதால், அலங்காரத்துக்காக ஒருபடி மேலே போவது உங்கள் 12 லட்சத்தை உடைத்துவிடும்.

பாதுகாப்பில் உங்கள் கணவர் பக்கம் நியாயம் இருக்கிறது. புதிய டிசையர் 2024 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில், ஐந்துக்குப் பெரியவர்கள் பிரிவில் 5, குழந்தைகள் பிரிவில் 4 நட்சத்திரம் பெற்றது. அதே ஆண்டு சோதிக்கப்பட்ட எர்டிகாவுக்குப் பெரியவர்கள் பிரிவில் 1, குழந்தைகள் பிரிவில் 2 நட்சத்திரமே கிடைத்தன. சோதிக்கப்பட்டது ஆப்பிரிக்கச் சந்தைக்காக இந்தியாவில் தயாரான வண்டி, இங்கு இப்போது ஆறு ஏர்பேக்குகளோடு விற்கிறார்கள் என்றாலும், உடற்கட்டைப் பற்றிய கேள்வி மறைந்துவிடவில்லை. டிரைபர் 2021இல் பெற்ற 4, 3 நட்சத்திரங்களை இவற்றோடு ஒப்பிடவும் கூடாது. 2022இல்தான் சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆக, இடமும் நட்சத்திரமும் ஒரே வண்டியில் இந்த விலைக்குக் கிடைக்கவில்லை. நானாக இருந்தால், ஐவரும் போகும் நாட்கள் மாதத்தில் ஒன்றிரண்டுதான் என்பதால் டிசையரை எடுத்துக்கொண்டு, அந்த நாட்களில் சற்று நெருக்கி உட்காரச் சொல்வேன்.

கோவைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு வண்டிகளின் அகலமும் ஒன்றே என்று படித்ததும் கணவர் நாடா எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு எர்டிகாவை அளந்து பார்த்துவிட்டார். மாமனார் திண்டுக்கல்வரை தானே ஓட்டுவதாகச் சொல்கிறார். நட்சத்திரக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்குத் தயக்கம்தான் கூடியிருக்கிறது; சனிக்கிழமை சைல்டு சீட்டோடு மூன்று வண்டிகளையும் பார்த்துவிட்டு முடிவெடுப்போம். கேட்க மறந்தது: நடு வரிசையில் குழந்தை இருக்கையை இடப்பக்கம் வைப்பதா, வலப்பக்கமா?

இருபிள்ளைத்தாய் எழுதியது:

சாலையோரமாக நிறுத்தினால் இடப்பக்கக் கதவுதான் நடைபாதையை நோக்கித் திறக்கும் என்பதால், குழந்தையை ஏற்றி இறக்க இடப்பக்கமே பாதுகாப்பானது. ஆனால் சைல்டு சீட் மாட்டியிருக்கும் பக்கத்து இருக்கையை மடக்க முடியாது. கடைசி வரிசைக்கு மறுபக்கத்திலிருந்துதான் ஏற வேண்டும். வலப்பக்க இருக்கை எளிதாக மடிந்து வழிவிடுகிறதா என்பதை ஷோரூமில் உங்கள் மாமனாரையே ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். வீட்டு வாசலிலோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்தும்போது அவர் முதலில் ஏறிவிட்டால், போக்குவரத்துள்ள பக்கம் கதவைத் திறக்கும் தேவையே வராது.