ரிசெப்டார்: ஏற்பியா, தாங்கியா? வியாழனுக்குள் வேண்டும்

நாமக்கல்லிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பன்றி வளர்ப்போருக்கான கையேட்டில் இனப்பெருக்கப் பாடத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை ஈரோட்டு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ‘ரிசெப்டார்’, அதாவது செல்லில் ஹார்மோன் வந்து பற்றிக்கொள்ளும் இடம், என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். பன்றிக்குச் சினைச்சுழற்சி 21 நாள். சூலகத்தில் முட்டையுள்ள நுண்பை வளரும்போது அதன் உட்சுவர்ச் செல்களில், பையை வளர்க்கும் ஹார்மோனான எஃப்எஸ்எச்சுக்கு ரிசெப்டார் இருக்கிறது. பை முதிர முதிர அது குறைந்து, முட்டையை வெளியேற்றும் ஹார்மோனான எல்எச்சுக்கு ரிசெப்டார் கூடுகிறது. முட்டை வெளியேறியதும் அந்த இடம் மஞ்சள் உடலமாகி, சினையைக் காக்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரானைச் சுரக்கிறது. ஒரே பக்கத்தில் 17 ரிசெப்டார்! பாடநூல்களில் புழங்கும் ‘ஏற்பி’ போதுமா?

கோபியிலிருந்து:
அம்மணி, அவசரப்படாதே. இகர விகுதி மூன்று பக்கமும் சாயும். சேர்ந்தாரைக்கொல்லி, கொல்வது. மண்வெட்டி, வெட்ட உதவுவது. ஊருணி, ஊரால் உண்ணப்படுவது. ஏற்பி இதில் எது? ஊருணி மாதிரி என்றால் ஏற்கப்படுவது ஹார்மோன் அல்லவா? என் சொல் ‘தாங்கி’. கதவுக் கொண்டியின் நாவைத் தாங்குவது நாதாங்கி. செல்தான் கதவு, ஹார்மோன் அதன் நா. இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பதால்தான் அங்கே ஒற்று மிகவில்லை என்பதையும் கவனிக்க.

பெருந்துறையிலிருந்து:
ஐயா சொன்னது அழகாத்தான் இருக்குதுங்க. ஆனால் எங்கள் பக்கம் தாங்கி என்றதும் நினைவுக்கு வருவது சுமைதாங்கிக் கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனவள் நினைவாக நட்டது. எங்கள் தோட்டத்துக்குப் போகும் வழியிலேயே ஒன்று நிற்கிறது, என் பாட்டி அதைத் தொட்டுக் கும்பிடாமல் தாண்ட மாட்டார். சினைப் பாடத்தில் 17 தடவை அந்தச் சொல்லா?

கோவையிலிருந்து:
ஹார்மோனை அப்படியே விட்டுவிட்டு ரிசெப்டாருக்கு மட்டும் தமிழ் தேடுவது என்ன நியாயம்? ஹார்மோனுக்கு இயக்குநீர், ஆக ‘இயக்குநீர்க்கொள்வி’ என்க. பெண் பன்றிக்கும் தொல்காப்பிய மரபியலே ‘பிணவு’ என்று பெயர் கொடுத்திருக்கிறது. ‘பிணவின் சூலக இயக்குநீர்க்கொள்விகள்’. என்ன குறை?

கோபியிலிருந்து:
குறை ஒற்றில்தான். நீரைக் கொள்வது என்றால் ‘இயக்குநீர்கொள்வி’. க் எங்கிருந்து வந்தது?

பெருந்துறையிலிருந்து:
பிணவு என்று போட்டால் பிணம் எங்கே என்று கேட்பார்களுங்க. பருவத்துக்கு வந்திருக்கு, சினை நின்னிருக்கு, இப்படிப் பேசுகிற ஆட்கள் அவர்கள். பேசாமல் ரிசெப்டார் என்றே எழுதுங்கள். ஊசி போட வருகிற டாக்டரும் அதைத்தான் சொல்கிறார்.

நாமக்கல்லிலிருந்து:
எனக்கு இன்னொரு உறுத்தல். சுழற்சியின் 12ஆம் நாள் வரை மஞ்சள் உடலத்தில், அதைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டினுக்கு ரிசெப்டார் இருந்தும் உடலம் கரைவதில்லை. அதற்கப்புறம்தான் மசிகிறது. சினையாகியிருந்தால் அதே சமயத்தில், 11, 12ஆம் நாள்களில், கருக்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரந்து ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று தெரிவிக்கின்றன. உடனே கருப்பை புரோஸ்டாகிளாண்டினை ரத்தத்தில் விடாமல் தன் உட்குழிக்குள்ளேயே திருப்பிக்கொள்கிறது. மஞ்சள் உடலம் பிழைக்கிறது, 114 நாள் சினைக்கும் அது வேண்டும். ஏற்பி என்றால் ஏற்று உடன்பட்டது போலல்லவா காதில் விழுகிறது? இங்கே ஏற்பி இருக்கிறது, உடன்பாடு இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து:
ஔவையின் ‘ஏற்பது இகழ்ச்சி’யை மறந்துவிட்டோமா? அங்கே ஏற்பது கை நீட்டி வாங்குவது. வாங்கியவன் கொடுத்தவன் சொல்கிறபடி ஆட வேண்டும் என்று எங்கும் இல்லை. எனவே ஏற்பி சரியாகத்தான் இருக்கிறது. இலவச வேட்டி வாங்கியவர்களைப் பார்த்தாலே தெரியும்.

கோவையிலிருந்து:
அரசியல் வேண்டாம் என்பது குழு விதி. இயக்குநீர்கொள்வி. (ஒற்றை எடுத்துவிட்டேன், ஐயா.)

நாமக்கல்லிலிருந்து:
மணி பதினொன்று. ஏற்பிக்கு நான்கு பேர் தனிமடலில் கை தூக்கியிருக்கிறார்கள். முதல் இடத்தில் ‘ஹார்மோன் ஏற்பி, அதாவது ரிசெப்டார்’ என்று போட்டுவிட்டு, பிறகு ஏற்பி மட்டும். பன்றி பன்றியாகவே இருக்கட்டும். எல்லாருக்கும் நன்றிங்க.

கோபியிலிருந்து:
ஊருணிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நாதாங்கியை நான் விடுவதாக இல்லை.

பெருந்துறையிலிருந்து:
அச்சுக்குப் போவதற்குள் ஒன்று. பன்றி வெட்டும்போது சூலகத்தைப் பார்த்திருக்கிறேன், திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். நீங்கள் சொல்கிற அந்த உடலம் மாட்டில்தான் மஞ்சள், பன்றியில் இளஞ்சிவப்புங்க. பெயரைப் பார்த்து மஞ்சளைத் தேடுவார்களே, என்ன செய்யப்போகிறீர்கள்?