ஜொனாதன் புரூக்ஸை இன்னும் ஒரு வருடம் வைத்திருக்கலாமா?

சார்லட்வாசி (கேள்வி):

வணக்கம். எங்கள் ஃபேன்டசி லீகில் (நிஜ அமெரிக்கக் கால்பந்து வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதைக் கொண்டு புள்ளி சேர்க்கும் விளையாட்டு) 12 பேர். டைனஸ்டி முறை, ஒரு முறை எடுத்த வீரர் நாமாக விடும்வரை நம்மிடமே இருப்பார். பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் அரைப் புள்ளி.

2024இல் எங்கள் புதுமுக டிராஃப்டில், அதாவது புது வீரர்களை முறைவைத்து எடுக்கும்போது, முதல் சுற்றில் ஏழாவது ஆளாகக் கரோலைனா பாந்தர்ஸின் ஜொனாதன் புரூக்ஸை எடுத்தேன். அந்த வருடம் நிஜ லீகான என்.எஃப்.எல். டிராஃப்டில் மற்ற எல்லா ரன்னிங் பேக்குகளுக்கும் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்கள்) முன்பாக, மொத்தத்தில் 46ஆவதாகப் போனவர் அவர். டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடும்போது 2023 நவம்பரில் வலது முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் அறுந்தது. அது தெரிந்தேதான் எடுத்தேன்.

2024 நவம்பர் 24 அன்று கான்சஸ் சிட்டிக்கு எதிராக அவர் முதன்முதலாகக் களமிறங்கியபோது நானும் மகளும் இங்கே சார்லட் மைதானத்தில் இருந்தோம். அவர் பந்தை வாங்கிய முதல் ஓட்டத்துக்கு மகள் எழுந்து நின்று கத்தினாள். இரண்டே வாரம். டிசம்பர் 8 அன்று பிலடெல்பியாவில் அதே முழங்கால், அதே தசைநார். 2025 முழுவதும் அவர் ஆடவில்லை. இதுவரை மொத்தம் 3 ஆட்டங்கள், பந்தோடு 9 முறை ஓடி 22 கெஜம்.

இப்போது எங்கள் லீகில் ஒருவர் புரூக்ஸுக்குப் பதிலாக 2027 டிராஃப்டின் மூன்றாம் சுற்றுத் தேர்வைத் தருவதாகச் சொல்கிறார். எங்கள் விதிப்படி காயப் பட்டியல் ஆகஸ்ட் வரை மூடியிருக்கும். ஆகவே 25 இடங்களில் ஒன்றைப் புரூக்ஸுக்கு ஒதுக்கியாக வேண்டும். என்னிடமுள்ள மற்ற இரண்டு ரன்னிங் பேக்குகள் பிரீஸ் ஹால், ஜே.கே. டாபின்ஸ். டாபின்ஸும் நவம்பரில் பாதத்தில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். எண்களை நானே தேடிக்கொள்வேன். முழங்காலை அறிந்தவர்களும் அவர் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களும் சொல்லுங்கள்.

நாலாவது டவுன்:

கொடுத்துவிடுங்கள். முழங்கால் நன்றாகவே ஆறிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் பந்து எங்கிருந்து வரும்? பாந்தர்ஸின் இன்னொரு ரன்னிங் பேக் சூபா ஹப்பர்டுக்கு 2024 நவம்பரிலேயே நான்கு வருடம், 33.2 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். 2025 டிராஃப்டின் நான்காம் சுற்றில் டிரெவர் எட்டியனை எடுத்தார்கள். போதாதென்று ரிக்கோ டவுடிலையும் கொண்டுவந்தார்கள். அவர் மயாமிக்கு எதிராக 206 கெஜம், மறு வாரம் டாலஸுக்கு எதிராக 183 கெஜம் ஓடினார். ஓர் அணி தன் ரன்னிங் பேக் மீது நம்பிக்கை வைத்திருந்தால் இத்தனை பேரை வரிசையில் நிறுத்தாது.

ஆஸ்டின் இயன்முறை:

சார்லட்வாசி, நீங்கள் கேட்ட இரண்டுக்கும் என்னிடம் பதில் உண்டு. முழங்கால் அறுவை முடிந்து வருபவர்களுக்குப் பயிற்சி தருவதுதான் என் தொழில். 2023 செப்டம்பர் 30 அன்று ஆஸ்டினில் கேன்சஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக அவர் 218 கெஜம் ஓடியதை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அன்று என்னை ஈர்த்தது வேகம் இல்லை. அவரைவிட வேகமானவர்களை இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. தடுப்பாளர் நெருங்கும்வரை பொறுத்திருந்து, உள்காலை ஊன்றி, ஒரே அடியில் வெளிப்பக்கம் திரும்பிவிடுவார். விழும்போதும் முன்னால்தான் விழுவார். அந்தப் பருவத்தில் 11 ஆட்டங்களில் 1,139 கெஜம். 25 பந்துகளைப் பிடித்தும் இருக்கிறார். உங்கள் லீகில் பிடிப்புக்கு அரைப் புள்ளி என்பதால் அதையும் கணக்கில் வையுங்கள்.

ஆனால் காலை ஊன்றித் திரும்பும் அந்த ஓர் அசைவில்தான் ஏ.சி.எல்.லுக்கு முழு வேலை. மேல்காலும் கீழ்க்காலும் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துவைப்பது அது. அறுந்ததைத் தைத்து ஒட்டுவதில்லை. பெரும்பாலும் அவருடைய உடம்பிலிருந்தே வேறொரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். புதிதாக வைத்தது உடனே தசைநாராகிவிடாது. முதலில் வலுவிழந்து, பிறகு மெல்ல உறுதிப்படும். அதற்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். நோயாளிக்கு வலி நின்றுவிடும், ஓடுவார், நன்றாகிவிட்டது என்று நினைப்பார். உள்ளே வேலை இன்னும் முடிந்திருக்காது. இந்த இடைவெளியை எடுத்துச் சொல்லிப் புரியவைப்பதுதான் என் தொழிலில் ஆகக் கடினமான பகுதி. இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மறுபடி அறுவதற்கான ஆபத்தும் அதிகம்.

இரண்டாம் முறை என்றால் இன்னும் சிக்கல். முன்பு எடுத்த தசைநாண் போய்விட்டது, வேறிடத்தில் எடுக்க வேண்டும். பழைய துளைகள் தோதாக இல்லாவிட்டால் முதலில் அவற்றை அடைக்க வேண்டும். இரண்டாம் அறுவையின் பலன் பொதுவாக முதலாவதைவிடக் குறைவு. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

இவ்வளவும் தெரிந்தும் வைத்திருங்கள் என்றே சொல்வேன். முதல் முறை அவர் ஏறக்குறைய ஒரு வருடத்தில் களத்துக்கு வந்தார். இந்த முறை 2025 பருவம் தொடங்கும் முன்பே, அந்த வருடம் முழுவதும் ஆட்டம் கிடையாது என்று அணி முடிவு செய்துவிட்டது. 2026 செப்டம்பர் வரும்போது இரண்டாம் முறை அடிபட்டு 21 மாதங்கள் ஆகியிருக்கும். அப்போதும் அவருக்கு 23 வயதுதான். தொடை ஒரு மாதம், கணுக்கால் ஒரு மாதம் என்று மாறி மாறி அடிபடுபவரோடு இவரைச் சேர்க்காதீர்கள். இவருக்குக் கெட்டது ஒரே இடம். அந்த இடத்துக்கு இப்போது போதுமான காலம் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ஜவாண்டே வில்லியம்ஸ் என்ற ரன்னிங் பேக்குக்கு 2022 அக்டோபரில் முழங்காலில் ஒன்றுக்கு மேற்பட்ட தசைநார்கள் அறுந்தன. 2023இல் 774 கெஜம், 2024இல் 513. கால் ஊன்றுவதில் இன்னும் தயங்குகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தயக்கம் விலகக் காலம் பிடிக்கும் என்றும் தெரியும். ஆனாலும் பொறுமை இழந்து அவரை என் ஃபேன்டசி அணியிலிருந்து விட்டேன். 2025இல் டாலஸுக்கு 1,201 கெஜம் ஓடினார். தினமும் நோயாளிகளிடம் பொறுத்திருங்கள் என்று சொல்லும் நான் பொறுக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

நாலாவது டவுன்:

வில்லியம்ஸ் எழுந்தது வேறு அணிக்குப் போன பிறகு, அங்கே முதல் இடம் கிடைத்ததால். பிரீஸ் ஹால் 2022இல் ஏ.சி.எல். அறுந்து, 2023இல் 17 ஆட்டங்களும் ஆடி, ஓடி 994 கெஜமும் பிடித்து 591 கெஜமும் எடுத்தார் என்றால் அது முதல் அறுவை. ஒரே முழங்காலில் இரண்டு முறை போய்த் திரும்பிய ரன்னிங் பேக் ஒருவரைக் காட்டுங்கள். ஃபிராங்க் கோரைச் சொல்லாதீர்கள். மயாமி பல்கலைக்கழகத்தில் அவருக்குப் போனது இரு கால்களிலும் ஒவ்வொரு முறை.

பழைய பாந்தர்:

ரன்னிங் பேக் இல்லை, ஆனால் நம் பாந்தர்ஸுக்கு ஆடியவர். தாமஸ் டேவிஸ். லைன்பேக்கர், அதாவது பந்தோடு ஓடுபவரை மடக்குபவர். 2009, 2010, 2011 என மூன்று வருடங்களும் அதே வலது முழங்கால், அதே ஏ.சி.எல். மூன்றாம் முறை அவர் விழுந்தபோது முடிந்தது என்றே நினைத்தேன். 2015இல் என்.எஃப்.எல்.லின் சிறந்த அணியில் முதல் வரிசையில் இடம்பெற்றார். அந்தப் பருவத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் 50இல் முறிந்த கையோடு ஆடினார். லைன்பேக்கருக்கும் ஊன்றித் திரும்பாமல் வேலை நடக்காது.

டவுடிலின் ஒப்பந்தம் ஒரு வருடம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். அவர் போனால் ஹப்பர்டுக்கு அடுத்த இடம் காலி.

சார்லட்வாசி:

எல்லோருக்கும் நன்றி. நாலாவது டவுன் சொல்வதை ஒதுக்க முடியவில்லை. பந்து எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது. ஆஸ்டின் இயன்முறை, ஒன்று மட்டும் கேட்கிறேன் அம்மா. ஜூலை இறுதியில் பயிற்சி முகாம் தொடங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஆஸ்டின் இயன்முறை:

நேராக ஓடுவதைப் பார்க்காதீர்கள், அதை எல்லோரும் செய்வார்கள். வலக்காலை ஊன்றி இடப்பக்கம் திரும்பும்போது கூடுதலாக ஓர் அடி வைக்கிறாரா என்று பாருங்கள். ஓடி வரும் தடுப்பாளரை மார்பில் வாங்கி நிறுத்துகிறாரா, அல்லது அந்தப் பயிற்சிகளில் அவரை ஒதுக்கிவைக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, முழுப் பாதுகாப்பு உடையில் பயிற்சி செய்த மறுநாளும் வருகிறாரா என்று பாருங்கள். முட்டி வீங்கினால் அது மறுநாள்தான் தெரியும்.

சார்லட்வாசி:

டிரேட் (வீரர் மாற்றம்) வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் ஐந்தாவது ரிசீவரை (பந்தைப் பிடிப்பவர்) விட்டுப் புரூக்ஸுக்கு இடம் ஒதுக்கினேன். முகாமுக்கு அடுத்தடுத்து இரண்டு நாட்கள் போக மகளும் வருகிறாள். வலக்கால் எப்படி ஊன்றுகிறது என்பதை அவளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் நாள் இரவு இங்கே எழுதுகிறேன்.