லைசென்ஸ் எரரும் திறக்காத கேமும்: நீலகிரி நண்பர்களின் அனுபவங்கள்

குன்னூரிலிருந்து:
தென்மேற்குப் பருவமழையில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த நாட்களுக்குப் பிறகு, அதுவரை ஒழுங்காக ஓடிய கேம் ‘லைசென்ஸைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று காட்டி மூடிக்கொண்டது. பிரவுசரும் தளத்துக்குத் தளம் ‘பாதுகாப்பான இணைப்பு அல்ல’ என்று மறித்தது. திரையின் வலது கீழ் மூலையில் 2009 ஜனவரி 1 என்று தேதி இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துபோனால், மின்சாரம் நின்றதும் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். இணையத்தில் சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழோ அந்தத் தேதிக்கு வெகுகாலத்துக்குப் பிறகே வழங்கப்பட்டது என்பதால், கணினி அதை நம்ப மறுத்து இணைப்பைத் துண்டித்துவிடும். செல்லை மாற்றி, தேதியைச் சரிசெய்ததும் கேம் திறந்தது. இதே கோளாறுடன் எதிர்வீட்டுத் தம்பி கொண்டுபோன கணினியை ஒரு கடையில் ஃபார்மட் செய்து கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் இன்றுவரை மனத்தை உறுத்துகிறது. கேம்களில் எட்டிய நிலையைச் சேமித்து அவன் சேர்த்து வைத்திருந்த சேவ் ஃபைல்கள் எல்லாம் போயின. செல்லை மாற்றாததால், அடுத்த மின்வெட்டில் அவன் கணினியின் தேதி மறுபடியும் பின்னுக்குப் போனது.

கோத்தகிரியிலிருந்து:
குன்னூர் நண்பர் சொல்வது சரி. ஆனால் லைசென்ஸ் எரர் என்றாலே கடிகாரம்தான் காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்சரிவில் கேபிள் அறுந்திருந்த நாளில், கோவையிலிருந்து வந்த அத்தை மகனுக்காக, ஒருவரே விளையாடும் கேமைத் திறந்தேன். தேதி சரியாகவே இருந்தும், இணையத்துடன் இணைக்கும்படி கேட்டு நின்றுவிட்டது. அவன் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆகவே, மழைக்காலம் தொடங்கும் முன்பே, கேம்களை வாங்கித் திறக்க உதவும் ஸ்டீம் செயலியில் கேம்களை முழுமையாக அப்டேட் செய்து, இணையம் இருக்கும்போதே ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்துபார்த்து, அதன் பிறகு ஆஃப்லைன் நிலைக்கு மாற்றிச் சோதித்துக்கொள்ளுங்கள். கேம் ஓடத் தேவையான எம்எஸ்விசிபி140.டிஎல்எல் என்னும் விண்டோஸ் ஃபைல் இல்லை என்று வந்தால் அது லைசென்ஸ் சிக்கலே அல்ல; அந்த ஒரு ஃபைலை மட்டும் ஏதோவொரு தளத்திலிருந்து இறக்கிப் போடாமல், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து, அந்த ஃபைல் அடங்கிய விஷுவல் சி++ தொகுப்பை நிறுவுங்கள். 64 பிட் விண்டோஸிலும் 32 பிட் கேமுக்கு 32 பிட் தொகுப்பே தேவைப்படும் என்பதால், இரண்டையும் நிறுவிவிடுவது நல்லது. ஆன்டிவைரஸ் ஏதேனும் ஃபைலைப் பிடித்து வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேவ் ஃபைல்களைத் தனியே பிரதியெடுத்து வைக்காமல் எந்தக் கடைக்கும் கணினியைக் கொண்டுபோகாதீர்கள்.

கூடலூரிலிருந்து:
கோத்தகிரி நண்பரே, உங்கள் யோசனைகளில் எதுவும் சிடியில் வந்த பழைய கேமுக்கு உதவாது. மாமா கொடுத்த அசல் சிடியைப் போட்டேன். டிரைவ் சுழன்றது, விளக்கு மினுக்கியது, மவுஸ் அருகே வட்டம் ஒரு நொடி சுற்றி மறைந்தது. எரர் செய்தி கூட வரவில்லை. அந்த சிடியில் இருப்பது சேஃப்டிஸ்க் என்னும் நகல் தடுப்பு. அதை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள் 2015இல் வந்த விண்டோஸ் 10இல் இல்லை, அதே ஆண்டு செப்டம்பரில் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் பாதுகாப்பு அப்டேட் மூலம் முடக்கப்பட்டது. பாதுகாப்பு ஓட்டை உள்ள டிரைவரை முடக்கியது நியாயமே என்றாலும், காசு கொடுத்து அசல் சிடி வாங்கியவர் வெளியே நிற்க வேண்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நகல் தடுப்பு நீக்கிய பழைய கேம்கள் ஜிஓஜி போன்ற தளங்களில் விற்பனைக்குக் கிடைக்கின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள். தேடிப் பார்த்தேன், மாமாவின் கேம் அங்கே இல்லை.