ஹங்கர் கேம்ஸ்: காட்னிஸின் குரல் திரையில் எங்கே போயிற்று?

கேள்வி

சூசன் காலின்ஸ் 2008-இல் எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலைப் படித்து முடித்த கையோடு, கேரி ராஸ் இயக்கி 2012-இல் வெளிவந்த திரைப்படத்தையும் பார்த்தேன். கதையோட்டம் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஒருவர் மட்டுமே உயிரோடு மிஞ்ச வேண்டிய, தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் கொலைப் போட்டிக்குள் இறங்கும் நாயகி காட்னிஸே நாவல் முழுவதையும் நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டு போவதால், அடுத்த பக்கத்தில் அவள் உயிரோடு இருப்பாளா என்ற பதைப்பு விடுவதேயில்லை. படத்தில் அந்தக் குரல் அறவே கிடையாது. சக போட்டியாளனான பீட்டா தன்னை உண்மையாகவே நேசிக்கிறானா, பார்வையாளர்களுக்காக நடிக்கிறானா என்று அவள் குழம்பிக்கொண்டே இருப்பதுதான் நாவலின் உயிர்நாடி. திரையில் அது வழக்கமான காதலாகச் சுருங்கிவிட்டது. நாவலாசிரியரும் திரைக்கதையில் பங்கேற்றிருந்த நிலையில் இதை ஏன் விட்டுவிட்டார்கள்?

மறுமொழி 1

விட்டதற்கு ஈடாகப் பெற்றதும் உண்டு. காட்னிஸின் மனத்துக்குள்ளேயே நாம் இருக்கும்வரை, போட்டி அரங்கை இயக்குகிறவர்களை அவளைப் போலவே நாமும் ஊகிக்கத்தான் முடியும். படமோ, கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் விசையைத் தட்டியதும் காட்டில் தீ மூள்வதையும், அதிபர் ஸ்னோ ரோஜாத் தோட்டத்தில் நின்றபடி போட்டியை நடத்தும் செனகா கிரேனிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதையும் நேரடியாகக் காட்டுகிறது. காட்னிஸோடு கூட்டுச் சேர்ந்த சிறுமி ரூ இறந்தபின் அவளுடைய 11-ஆம் மாவட்டத்தில் கலவரம் வெடிப்பதும் படத்தில் மட்டுமே உள்ளது. நாவலில் அம்மாவட்டத்து மக்கள் காட்னிஸுக்கு ஒரு ரொட்டியை அனுப்புகிறார்கள். பட்டினி கிடப்பவர்கள் சேர்ந்து அனுப்பிய அந்த ரொட்டியே எனக்குக் கலவரத்தைவிடக் கனமாகத் தெரிகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுமொழி 2

பின்னணிக் குரல் சேர்த்திருந்தாலும் இந்தக் குறை தீர்ந்திருக்காது. காட்னிஸின் வழிகாட்டியான ஹேமிட்ச் அரங்குக்குள் பரிசுகளை அனுப்பும் பாராசூட்டுகளைக் கவனியுங்கள். நாவலில் காட்னிஸ் தாகத்தால் தவிக்கும்போது அவர் எதையும் அனுப்புவதில்லை. அப்படியானால் தண்ணீர் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று அந்த மௌனத்தையே அவள் செய்தியாகப் படித்துக்கொள்கிறாள். குகையில் முத்தத்துக்குப் பின் சூப் வந்து சேர்ந்ததும், இன்னும் காதல் காட்டினால்தான் இன்னும் உணவு கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறாள். படத்தில் பரிசோடு ஒரு சீட்டும் வந்து, அவள் கண்டுபிடிக்க வேண்டியதை எழுதியே காட்டிவிடுகிறது. காட்னிஸாக நடித்த ஜெனிஃபர் லாரன்ஸ் போன்ற நடிகையின் முகம் இருக்கும்போது அந்தச் சீட்டுக்கு என்ன அவசியம்?

மறுமொழி 3

குரலோடு சேர்த்து வலியையும் குறைத்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். 24 சிறார்கள் ஒருவரையொருவர் கொல்லும் கதையைச் சிறார்களும் பார்க்கத்தக்க சான்றிதழுக்குள் அடக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் 12 வயதுக்குட்பட்டோர் பெரியவர்களுடன் பார்க்கத்தக்க 12ஏ சான்றிதழுக்காக மேலும் 7 விநாடிகளை நீக்கினார்கள். முதல் மோதலில் கேமரா அவ்வளவு குலுங்குவதால் யார் யாரை வெட்டுகிறார்கள் என்பதே தெரிவதில்லை (எனக்குத் தலைவலிதான் மிச்சம்). நாவலின் முடிவில் பீட்டா ஒரு காலை இழக்கிறான், படத்தில் இழப்பதில்லை. இறந்த போட்டியாளர்களின் கண்களோடு ஓநாய்கள் வரும் கொடூரமும் திரையில் வெறும் விலங்குத் துரத்தலாகிவிட்டது.

கேட்டவர்

பாராசூட்டுகளை நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை, மிக்க நன்றி. அதைப் படித்ததும் கொடிய குளவிகள் வரும் காட்சி நினைவுக்கு வந்தது. அவற்றை ஆளும் தலைநகரான கேப்பிட்டல் உருவாக்கிய விதமும் அவற்றின் கொடுக்கு செய்யும் வேலையும் நாவலில் காட்னிஸுக்கே தெரிந்தவை. படத்தில் அந்த விளக்கத்தை நிகழ்ச்சித் தொகுப்பாளர் சீசர் ஃப்ளிக்கர்மேன் தம் ரசிகர்களுக்குச் சிரித்த முகத்தோடு வழங்குகிறார். அப்படிப் பார்த்தால் அவளுடைய குரல் படத்தில் தொலைந்துபோகவில்லை. அவளை வேடிக்கை பார்ப்பவர்களின் வாய்க்குப் போய்விட்டிருக்கிறது.