பட்டன் ரோஸ் வாங்குனா ரெண்டே மாசத்துல காஞ்சு போகுது, இது மூணாவது செடி

மூணாவது_மாடி:
எல்லாருக்கும் வணக்கம். சென்னை மேடவாக்கம் பக்கம் இருக்கேன், மேற்கு பாத்த பால்கனி, நாலடிக்கு பத்தடி இருக்கும். பட்டன் ரோஸ்னா எனக்கு ஒரு பைத்தியம், ஒரு ரூபா காசு அளவுல கொத்து கொத்தா பூக்குமே அதான். நர்சரில வாங்கும்போது ஒரு செடில இருபது பூ இருக்கும், கடைக்காரர் ஒண்ணும் பண்ண வேணாம் சார் தண்ணி மட்டும் ஊத்துங்கன்னு அனுப்பிடுவார், நானும் ஊத்துறேன், முதல் மூணு வாரம் ஜம்முனு இருக்கு, அப்புறம் இலை ஓரம் கருக ஆரம்பிக்கும், இலை மேல பொடிப்பொடியா வெளுத்த புள்ளி வரும், மொட்டு விரியாமலே காஞ்சு தொங்கிடும். போன வருஷம் ரெண்டு போச்சு, இப்ப மூணாவதும் அதே வழில போய்ட்டு இருக்கு.

நான் பண்றது இதான்: கவரை கிழிச்சு செடிய அப்படியே 6 இஞ்ச் தொட்டில வச்சேன், சுத்தி கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் பாதிக்குப் பாதி. காலைல சாயங்காலம் ரெண்டு வேளையும் தண்ணி. வாரம் ஒரு ஸ்பூன் எப்சம் சால்ட், வாழைப்பழத்தோல் தண்ணி, கடலைப் புண்ணாக்கு கரைசல், எல்லாம் வீடியோல பாத்துதான். இனிமே ரோஸ்னு ஒரு செடி வீட்டுக்குள்ள வந்தா நீயும் சேந்து வெளிலன்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க. இத காப்பாத்த முடியுமா?

வெங்காயத்தோல்:
தம்பி, பாதி உசுரு போன செடிக்கு வாரா வாரம் கறி விருந்து போட்டா எப்படி தாங்கும்? எல்லாத்தையும் இன்னைக்கே நிப்பாட்டுங்க. காய்ச்சல்ல கிடக்குறவனுக்கு கஞ்சிதான் குடுப்போம்.

ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, என்ன தண்ணி ஊத்துறீங்க, மெட்ரோ தண்ணியா போர் தண்ணியா? ரெண்டு, ஒரு வெள்ளை பேப்பரை இலைக்கு அடில பிடிச்சு லேசா தட்டிப் பாருங்க, விழுற தூசில ஒண்ணு ரெண்டு நகருதான்னு. நகர்ந்தா அது தூசி இல்ல, சிலந்திப்பேன். மதுரைல எங்க மொட்டைமாடில மாசி பங்குனி ஆனா போதும், சொல்லி வச்ச மாதிரி வந்துரும்.

கடுப்பு_கந்தசாமி:
எதுக்கு இவ்ளோ பாடு ப்ரோ, ஒரு பன்னீர் ரோஸ் குச்சி வாங்கி நட்டு விடுங்க, அது பாட்டுக்கு வளரும். இந்த பட்டன் ரோஸ்ல வாசனையும் கிடையாது ஒண்ணும் கிடையாது, சும்மா பாக்குறதுக்குத்தான்.

மூணாவது_மாடி:
@கடுப்பு_கந்தசாமி பன்னீர் ரோஸ் நல்ல செடிதான், ஆனா அது என் இடுப்பு உயரம் வந்து பால்கனில துணி காயப்போட விடாது. பாக்குறதுக்குத்தான் வாங்குறேன்.

@வெங்காயத்தோல் அக்கா, பேப்பர்ல தட்டிப் பாத்தேன், நகருது!! கண்ணாடி போட்டு பாத்தா சிவப்பா மிளகாய்ப்பொடி மாதிரி பத்து பன்னெண்டு ஓடுது, இலைக்கு அடில மெல்லிசா நூலாம்படை வேற. தண்ணி வந்து... ஆர்ஓ மெஷின்லேர்ந்து வெளில போற வேஸ்ட் தண்ணி. பக்கெட் பக்கெட்டா வீணாப் போகுதேன்னு எல்லா செடிக்கும் அதத்தான் ஊத்துறேன்.

வெங்காயத்தோல்:
அட கடவுளே. போர் தண்ணில இருக்குற உப்பை வடிகட்டி நல்ல தண்ணிய நீங்க குடிச்சிட்டு, மிச்ச உப்பை எல்லாம் சேத்து அந்தச் செடிக்கு ஊத்தியிருக்கீங்க தம்பி. தொட்டி விளிம்புல வெள்ளையா பொருக்கு படிஞ்சிருக்கா பாருங்க. அதுல புண்ணாக்கு வேற, எப்சம் வேற, எல்லாம் உப்பு மேல உப்பு. ரோஸுக்கு உப்பு ஆகவே ஆகாது, இலை ஓரம் கருகுறது அதுனாலதான். அந்தத் தண்ணிய பாத்ரூம் கழுவ வச்சுக்கங்க. ஏசிலேர்ந்து சொட்டுற தண்ணிய பிடிங்க, அதுல உப்பு கிட்டத்தட்ட இல்ல, ரெண்டு மூணு தொட்டிக்கு தாராளமா காணும்.

பேனுக்கு மருந்து தேடி அலைய வேணாம். காலைல செடிய சாய்ச்சு பிடிச்சு இலைக்கு அடில தண்ணிய நல்லா வேகமா பீச்சி அடிங்க, ஒருநாள் விட்டு ஒருநாள், ரெண்டு வாரம் விடாம. அதுக்கு காய்ஞ்ச சூடுதான் பிடிக்கும், ஈரம் ஆகாது. அப்படியும் போகலன்னா வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, ரெண்டு சொட்டு சோப்பு ஆயில் கலந்து பொழுது சாஞ்சப்புறம் அடிங்க. உச்சி வெயில்ல அடிச்சீங்கன்னா பேனுக்கு முன்னாடி இலை வெந்து போகும், நான் அடிச்சுப் பாத்தவதான்.

குச்சி_வியாபாரி:
ஓசூர்ல நர்சரி லைன்ல பன்னெண்டு வருஷமா இருக்கேன். மேல அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா அஸ்திவாரத்தையே யாரும் கேக்கல. கவரை கிழிச்சு அப்படியே வச்சேன்னீங்க பாருங்க, அங்கதான் விஷயம்.

எங்க ஊர்லேர்ந்து லாரில ஏத்துற ரோஸ் பெரும்பாலும் களிமண் உருண்டையிலதாங்க வரும். கவர்ல சும்மா மண்ணு போட்டா வழில உதிர்ந்து வேர் அறுந்துடும், அதனால செம்மண் களியை உருட்டி அடைச்சு அனுப்புறோம், நாலஞ்சு நாள் தண்ணி இல்லாமலும் தாங்கும். லாரிக்கு நல்லது, தொட்டிக்கு எமன். சுத்தி நீங்க போட்ட கோகோபீட் பொலபொலன்னு இருக்கும், நடுவுல இது செங்கல் மாதிரி இருக்கும், ஊத்துற தண்ணி ஓரமாவே இறங்கி கீழ போயிடும், உருண்டை உள்ள காய்ஞ்சே கிடக்கும். இல்லன்னா ஒரு தடவை ஊறிடுச்சுன்னா வாரக்கணக்குல சேறாவே நிக்கும், வேருக்கு மூச்சு கிடையாது. முதல் மூணு வாரம் ஜம்முனு இருக்குன்னீங்களே, அது நாங்க இங்க வளத்த தெம்பு. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், சாயங்காலம் ஆனா காத்து குளிரும். அதுலேர்ந்து நேரா உங்க மேற்கு வெயில்ல வந்து உக்காந்தா திகைக்கத்தான் செய்யும்.

இப்ப பண்ண வேண்டியது: சாயங்காலம் செடிய எடுத்து ஒரு பக்கெட் தண்ணில அரைமணி நேரம் உருண்டை முங்குற மாதிரி வைங்க. ஊறினதும் கையாலயே மெதுவா பிசைஞ்சு வெளி களிமண்ண கரைச்சு விடுங்க, வெள்ளை வேர் கண்ணுல பட ஆரம்பிச்சா நிறுத்திடுங்க, முழுசா உரிக்கக் கூடாது. பூ மொட்டு ஒண்ணு விடாம வெட்டிடுங்க, செடியையும் பாதி உயரத்துக்கு வெட்டுங்க, மனசு கேக்காது, வெட்டுங்க. தொட்டி 8 இஞ்ச், முடிஞ்சா 10 இஞ்ச், மண் தொட்டி. செடி குட்டிங்கிறதால தொட்டியும் குட்டியா போதும்னு எல்லாரும் நினைக்குறாங்க, மேற்கு வெயில்ல 6 இஞ்ச் பிளாஸ்டிக் தொட்டி மதியத்துக்குள்ள இட்லிச் சட்டி. செம்மண் ரெண்டு பங்கு, கழுவின கோகோபீட் ஒரு பங்கு, மக்கின சாணி உரம் ஒரு பங்கு, கொஞ்சம் ஆத்து மணல். வச்சிட்டு பத்து நாள் நிழல்ல. தண்ணி ரெண்டு வேளை கணக்கெல்லாம் வேணாம், விரலை ஒரு கணு உள்ள விட்டுப் பாத்து காய்ஞ்சிருந்தா ஊத்துங்க. பத்து நாளுக்கு அப்புறம் காலை வெயில் படுற மூலை எதுவோ அங்க. சித்திரை வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க.

இன்னொண்ணு, இந்த மினியேச்சர், அதாவது பட்டன் ரோஸ், பெரும்பாலும் காட்டு ரோஸ் வேர்ல ஒட்டு போட்டது கிடையாது, சொந்த வேர்ல வர்ற குச்சிதான். அதனால அடிவரைக்கும் காஞ்சாலும் வேர் உசுரோட இருந்தா அதே செடிதான் திரும்ப வரும், காட்டு ரோஸ் கிளம்பிடும்னு பயம் வேணாம்.

பனிக்கால_முற்றம்:
நான் சுவிஸில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். இஞ்ச சூப்பர் மார்க்கெட்டில சின்னச் சட்டியில விப்பினம், பாக்க ஒரே செடி மாதிரி அடர்த்தியா இருக்கும், பிரிச்சுப் பாத்தா நாலு தடியை ஒண்டா குத்தி வைச்சிருப்பினம். வடிவா இருக்கட்டும் எண்டுதான், ஆனா நாலும் அந்த ஒரு பிடி மண்ணுக்குள்ள அடிபட்டு கடைசியில ஒண்டும் மிஞ்சாது. உங்கடயிலயும் எத்தினை தடி எண்டு ஒருக்கா எண்ணிப் பாருங்கோ.

முதல் வருசம் குளிரில செத்துப்போகும் எண்டு நான் உள்ளுக்குள்ள ஹீட்டருக்குப் பக்கத்தில வைச்சன், நீங்கள் சொல்லுற அதே பூச்சி வந்து முடிச்சுப்போட்டுது. அடுத்த வருசம் அலுத்துப்போய் வெளியில பனிக்குள்ளயே விட்டிட்டன், இலையெல்லாம் கொட்டி செத்த தடி மாதிரி நிண்டது, பிறகு வசந்தத்தில அடியில இருந்து சிவப்பா முளைச்சுக்கொண்டு வருது! சின்னன் எண்டாப்போல நோஞ்சான் இல்லை.

இந்தச் சின்ன ரோசாவுக்கு இஞ்ச ஒரு கதையும் இருக்கு. சீனாவில இருந்து ஐரோப்பாவுக்கு வந்து கொஞ்சக் காலம் பேஷனா இருந்து, பிறகு ஒருத்தரும் கவனிக்காமல் இல்லாமலே போச்சு எண்டு நினைச்சினமாம். முதலாம் உலகப் போர் நேரம் ரூலே எண்ட ஒரு ராணுவ அதிகாரி மோபோர்ஜே எண்ட மலைக் கிராமத்தில சனம் யன்னல் விளிம்பில சட்டிக்குள்ள வைச்சிருக்கிறதைக் கண்டாராம். ஜெனீவாவில கொறெவோன் எண்ட செடி வல்லுநரிட்டச் சொல்ல, அவர் அதைப் பெருக்கி ரூலேயின்ர பேரையே செடிக்கு வைச்சார். பிறகு ஒல்லாந்திலயும் ஸ்பெயினிலயும் அதை வைச்சுத்தான் புதுக் கலப்பு வகையள் செய்தவை. யன்னல் சட்டியிலயே தப்பிப் பிழைச்ச சாதி, உங்கட பால்கனியில வராதோ?

மூணாவது_மாடி:
அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். பக்கெட்ல ஊற வச்சு பிசைஞ்சேன், உள்ள கொழுக்கட்டை மாவு மாதிரி களி, நடு உருண்டைக்குள்ள தூள் காய்ஞ்சு போய், தண்ணி ஒரு சொட்டு அங்க போனதே இல்ல. சுவிஸ் அக்கா சொன்னது சரி, ஒரே செடி இல்ல, மூணு குச்சி. ஒண்ணு வேரே இல்லாம கருப்பா இருந்துச்சு, தூக்கிப் போட்டேன். மத்த ரெண்டையும் தனித்தனி மண் தொட்டில வச்சு, ஏசி தண்ணிதான் ஊத்துறேன். மூணு வாரம் வெறும் குச்சியாவே நின்னுச்சு, வீட்டம்மா தினம் அதப் பாத்துட்டு என்னைப் பாப்பாங்க. போன வாரம் ஒண்ணுல கணுவுல சிவப்பா அரிசி மாதிரி ஒரு முளை, இப்ப அஞ்சு கொழுந்து. இன்னைக்கு காலைல பாத்தா ஒரு மொட்டு. விடலாமா?

குச்சி_வியாபாரி:
கிள்ளிடுங்க சார். முதல் மூணு நாலு மொட்டு கிள்ளுங்க, கிளை அடைக்கட்டும்.

மூணாவது_மாடி:
கிள்ளணும்தான். வீட்டம்மா பாத்துட்டாங்க, தொடக்கூடாதுன்னு ஆர்டர்.