சிம்னிக்கு ஒரு மூடி போடுங்கள்

அயனாவரத்துக்காரன்:
அப்பா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில், அதாவது ரயில் இன்ஜின் பட்டறையில், ஃபிட்டராக இருந்தவர். எங்கள் வீட்டில் உலை வைப்பதே லோகோ சங்கு ஊதுவதை வைத்துத்தான். போன மாதம் அவரை ஓர் இடத்துக்கு அழைத்துப் போனேன், எந்த இடம் என்று வேண்டாம். பழைய நீராவி இன்ஜின் ஒன்று வெட்டவெளியில் நின்றது. கறுப்புப் பெயிண்டு பளபளவென்று இருந்தது. எனக்குப் பார்க்கவே சந்தோஷம். அப்பா ஒன்றும் பேசாமல் பாய்லரின் அடிப்பக்கம் குனிந்து, போர்த்தியிருந்த தகட்டை விரல் முட்டியால் தட்டினார். துருப்பொடி அவர் செருப்பின் மேல் கொட்டியது.

"பெயிண்டு வெளியில இருக்குடா. தண்ணி உள்ள நிக்குது."

அப்புறம்தான் விளக்கினார். சூடு வெளியே போகாமலிருக்க பாய்லரைச் சுற்றி ஒரு போர்வை, அதன் மேல் தகடு. ஓடுகிற இன்ஜினில் ஈரம் தங்காது. நின்றுபோன இன்ஜினில் மழைத்தண்ணீர் போர்வையில் ஊறி, வெயிலிலும் காயாமல் இரும்பைத் தின்கிறது. சிம்னி வழியாக இறங்கும் மழை சாம்பலோடு சேர்ந்தால் இன்னும் மோசம். சிம்னிக்கு ஒரு மூடி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை, தண்டுகளுக்கு கிரீஸ். இவ்வளவுதான் அவர் கேட்டது. கடல் காற்று அடிக்கிற நம் பக்கத்தில் இது கட்டாயம் வேண்டும்.

முடியாத வேலையும் இல்லை. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21 என்ற நீராவி இன்ஜின் நூறு வருடத்துக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. 2010-இல் அதைப் பழுது பார்த்து மறுபடி ஓட வைத்தது நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்தான். அப்பா அதைச் சொல்லும்போது குரல் மாறிவிடும்.

ராயபுரம் பேத்தி:
அண்ணா, எனக்கும் ஒன்று நடந்தது. தாத்தா ஸ்டேஷன் மாஸ்டர், இரு பக்க ரயிலும் ஒரே தண்டவாளத்தில் போகிற ஒற்றைப் பாதையில் வேலை பார்த்தவர். ஒரு கண்காட்சியில் பந்து டோக்கன் (ball token) கருவியைப் பார்த்ததும் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். அசையவில்லை. ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். அந்தக் கருவியின் அழகே அசைவில்தான். பாதையின் இரு முனையில் உள்ள இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொன்று இருக்கும். எதிர் ஸ்டேஷன்காரர் சம்மதம் தந்தால்தான் இரும்புப் பந்து வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அதை ஏதாவது ஒரு முனையில் திரும்பப் போடும்வரை அடுத்தது வராது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். எதிரெதிரே இரண்டு ரயில் மோதாமல் காத்தது அதுதான். ஓடும் வண்டியின் டிரைவருக்குப் பந்தை ஒரு வளையத்தில் கட்டி நீட்டி நீட்டி தாத்தாவின் முழங்கையில் தழும்பே உண்டு.

இரண்டு கருவியை இரண்டு மூலையில் வைத்துக் கம்பி இழுத்து, பிள்ளைகளை மணி அடித்துப் பந்து எடுக்க விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சொல்லித்தர தாத்தா மாதிரி ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதே கூப்பிட வேண்டும்.

அயனாவரத்துக்காரன்:
அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்மா. "ஆணியைப் புடுங்கினதும் உடனே இழுக்கக் கூடாது, முதல்ல எண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஊற விடணும்னு சொல்லு" என்கிறார்.